காட்பாடி வீட்டுப் பட்டறைக்கு வெல்டிங் மெஷின் வாங்கிய அனுபவம்

கனடாவில் வசிக்கும் நான் இந்த முறை ஊருக்குப் போயிருந்தபோது, காட்பாடியில் சித்தப்பா வீட்டின் பின்பக்கத் தகரக் கொட்டகையில் அவர் அமைத்துவரும் சிறு பட்டறைக்கு ஒரு வெல்டிங் மெஷின் வாங்கித் தரும் பொறுப்பை ஏற்றுக்கொண்டேன். சித்தப்பா ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் தோல் தொழிற்சாலை ஒன்றில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வெல்டிங் அவருக்குப் புதிதல்ல என்றாலும், இதுவரை கம்பெனி மெஷினில்தான் வேலை செய்திருக்கிறார். வீட்டு மின் இணைப்பில் ஓடக்கூடிய மெஷினைத் தேர்ந்தெடுக்கும் அவசியம் அவருக்கு வந்ததில்லை. வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை ஆகிய இடங்களில் கடைக்காரர்கள், ரிப்பேர் செய்பவர்கள், எலக்ட்ரீஷியன், மின்வாரிய அலுவலகம் என்று நாங்கள் அணுகிய ஒவ்வொரு இடத்திலும் கிடைத்த சேவையையும், அதிலிருந்து எப்படி ஒரு முடிவுக்கு வந்தோம் என்பதையும் இங்கே எழுதுகிறேன். வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருந்துகொண்டு வீட்டாருக்கு இப்படி ஒரு கருவி வாங்கித் தர நினைப்பவர்கள் பலர் இருப்பார்கள்.

கடைக்குப் போவதற்கு முன் சித்தப்பாவை உட்காரவைத்து, என்னென்ன வேலை செய்யப் போகிறார் என்று கேட்டு எழுதிக்கொண்டேன். கிரில் கேட், ஜன்னல் கம்பி, தண்ணீர் டேங்குக்கு ஸ்டாண்டு, பரண் சட்டம், அவ்வப்போது உறவினர் வீட்டுக் கட்டில். இவற்றில் வரும் இரும்பு பெரும்பாலும் 16 கேஜ் (கேஜ் எண் கூடக் கூடக் கனம் குறையும்) சதுரக் குழாய், 3 மி.மீ. முதல் 5 மி.மீ. வரையிலான ஆங்கிள், அதிகம் போனால் 6 மி.மீ. பட்டா, அதாவது தட்டை இரும்பு. இதற்கு 12 கேஜ் வெல்டிங் ராடு, அதாவது 2.5 மி.மீ., பாதி வேலையைச் செய்துவிடும். அதற்கு 60 முதல் 90 ஆம்பியர் போதும். தடித்த இரும்புக்கு 10 கேஜ் ராடு, அதாவது 3.15 மி.மீ.; அதற்கு 90 முதல் 130 ஆம்பியர். 8 கேஜ் ராடு இந்த வீட்டில் எரியப் போவதில்லை. ஆகவே உண்மையாகவே 130 ஆம்பியரை நின்று தரக்கூடிய ஒரு மெஷின் இருந்தால் சித்தப்பாவின் தேவை முழுவதும் அடங்கிவிடுகிறது. இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு போனதால்தான், பிறகு கேட்ட பேச்சுகளில் எது பொருந்தும், எது பொருந்தாது என்று பிரித்தறிய முடிந்தது.

வேலூரில் நாங்கள் ஏறிய முதல் இரண்டு மூன்று ஹார்டுவேர் கடைகளில் பேச்சு முகப்பில் அச்சடித்திருக்கும் எண்ணைப் பற்றியதாகவே இருந்தது. 200, 250, 300 என்று பெரிய எழுத்தில் போட்ட பெட்டிகளை வரிசையாக எடுத்து வைத்து, எண் கூடக் கூட மெஷின் நல்லது என்பதுபோல் விளக்கினார்கள். ஒரு கடையில் 250 என்று போட்டிருந்த மெஷினைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் இருக்க வேண்டிய தகவல் தகடு இல்லை. மெல்லிய ஒயரும், நுனியில் வீட்டில் பயன்படுத்தும் சாதாரண 16 ஆம்பியர் பிளக்கும் இருந்தன. ராடு வெல்டிங்கில் 250 ஆம்பியருக்கு வெளியீட்டு வோல்ட் சுமார் 30 என்று வைத்துத்தான் மெஷினை அளக்கிறார்கள். அப்படியானால் வெளியே மட்டும் 7,500 வாட் போக வேண்டும். 230 வோல்ட்டில் 16 ஆம்பியர் பிளக் வழியாக உள்ளே வரக்கூடியது 3,680 வாட். உள்ளே வருவதைவிட இரண்டு மடங்கு வெளியே போகாது. இதைக் கடைக்காரரிடம் மரியாதையாகவே சொன்னேன். அவர் கோபப்படவில்லை, "எல்லாரும் நம்பரைத்தான் சார் கேட்கிறாங்க" என்றார். அவர் நிலையும் புரிகிறது, என்றாலும் விற்கும் பொருளின் தகட்டைப் படித்துச் சொல்ல வேண்டியது கடையின் கடமை என்றே இன்றும் நினைக்கிறேன்.

ராணிப்பேட்டையில் நிலைமை வேறாக இருந்தது. அங்கே பாரத மிகுமின் நிறுவனத்தின் (பெல்) தொழிற்சாலையும் சிப்காட்டும் இருப்பதால், கடையில் நிற்பவருக்கு எதிரே பெரும்பாலும் தொழில் தெரிந்தவர்தான் வந்து நிற்பார். நாங்கள் போன கடையில் இருந்தவர், நான் கேட்பதற்கு முன்பே மெஷினைத் திருப்பித் தகட்டைக் காட்டினார். 200 ஆம்பியர், 28 வோல்ட், 60 சதவீதம் என்று இருந்தது. பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் 200 ஆம்பியரில் எரிக்கலாம், நான்கு நிமிடம் ஆற விட வேண்டும் என்பது அதன் பொருள். சித்தப்பா பெரும்பாலும் 120 ஆம்பியருக்கு மேல் வைக்கப் போவதில்லை என்பதால், இந்த மெஷின் அவருக்கு இடைவிடாமல் ஓடும். பக்கத்திலேயே விலை குறைந்த மற்றொன்று 160 ஆம்பியர், 20 சதவீதம் என்ற தகட்டுடன் இருந்தது. கணக்குப் போட்டால் அதே 120 ஆம்பியரில் அது பத்து நிமிடத்துக்கு மூன்றரை நிமிடம்தான் தாங்கும். இதில் நம் ஊருக்கே உரிய ஒரு விஷயம் இருக்கிறது: இந்தச் சதவீதம் சுற்றுப்புற வெப்பம் 40 டிகிரி என்று வைத்து அளக்கப்படுவது. வேலூரில் அக்கினி நட்சத்திரத்தின்போது வெளியிலேயே 40 டிகிரியைத் தாண்டுகிறது; தகரக் கொட்டகைக்குள் கேட்கவே வேண்டாம். ஆகவே தகட்டில் இருப்பதில் ஒரு பகுதியை வெயிலுக்கு விட்டுக்கொடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

இன்வெர்ட்டர் மெஷினா, பழைய டிரான்ஸ்பார்மர் மெஷினா என்பதில் சித்தப்பாவுக்குத் தயக்கம் இருந்தது. அவர் பழகியது இரும்புப் பெட்டி போன்ற, இரண்டு பேர் சேர்ந்து நகர்த்த வேண்டிய டிரான்ஸ்பார்மர் மெஷினில். அதற்கு ஒரு பெரிய பலம் உண்டு: கெட்டுப்போனால் மோட்டாருக்குக் காயில் கட்டும் எந்தப் பட்டறையிலும் சரி செய்துவிடலாம், பல பத்தாண்டுகள் உழைக்கும். ஆனால் பட்டறைகளில் இருக்கும் பெரிய டிரான்ஸ்பார்மர்கள் பெரும்பாலும் இரண்டு பேஸுக்கு இடையே 415 வோல்ட்டில் இணைக்கப்படுபவை. வீட்டு ஒற்றைப் பேஸ் இணைப்பில் ஓடும் சிறிய வகையும், ஒவ்வொரு முறை ராடு உரசும்போதும் தெருவில் பக்கத்து வீட்டு விளக்கை மங்க வைத்துவிடும். இன்வெர்ட்டர் வரும் மின்சாரத்தை முதலில் நேர் மின்னோட்டமாக்கி, ஐ.ஜி.பி.டி. என்னும் ஸ்விட்ச்களால் விநாடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி, கைக்கு அடக்கமான டிரான்ஸ்பார்மர் வழியாக அனுப்புகிறது. எடை ஏழெட்டு கிலோதான். வெளியே வருவது டி.சி., அதாவது நேர் மின்னோட்டம், என்பதால் ராடு நுனியில் எரியும் ஆர்க் நின்று எரிகிறது. அன்றாட வேலைக்கான 6013 ராடு மட்டுமல்லாமல், சாதாரண ஏ.சி. டிரான்ஸ்பார்மரில் எரிக்கச் சிரமமான 7018 ராடும் எரியும்.

முடிவெடுப்பதற்கு முன் இன்வெர்ட்டர் ரிப்பேர் செய்யும் ஒருவரைப் பார்த்துவிட வேண்டும் என்று நினைத்தேன். வேலூரில் ஒரு சந்தில் சிறிய அறையில் மேசை போட்டு வேலை செய்துகொண்டிருந்த இளைஞர் ஒருவரைக் கடைக்காரரே காட்டினார். இந்தப் பயணத்தில் மிகவும் பயன்பட்ட நேரம் அங்கே உட்கார்ந்திருந்த நேரம்தான். மேசையில் மூடி கழற்றிய நிலையில் ஒரு மெஷின் இருந்தது. போர்டு முழுவதும் மையைத் தூவியதுபோல் கறுப்புத் தூள். காந்தத்தைப் பக்கத்தில் கொண்டுபோனதும் அந்தத் தூள் சிலிர்த்து எழுந்தது. கிரைண்டிங் மெஷினிலிருந்து பறக்கும் இரும்புத் தூளைப் பின்பக்க மின்விசிறி உள்ளே இழுத்துவிடுகிறது, அது மின்சாரத்தைக் கடத்தும், இரண்டு கால்களுக்கு இடையே படிந்ததும் ஐ.ஜி.பி.டி. வெடித்துவிடுகிறது என்று விளக்கினார். இன்னொரு போர்டில் ஒரு பல்லி கருகி ஒட்டியிருந்தது. "மெஷின்ல குறையே இருக்காதுண்ணா, வச்ச இடத்துலதான் குறை" என்றார். வெல்டிங் மெஷினைக் கிரைண்டருக்கு எதிர்த்திசையில் உயரமான பலகையில் வைக்கவும், மாதம் ஒரு முறை காற்றடித்துச் சுத்தம் செய்யவும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் மின்சாரம் நிற்கும் என்பதால் வீட்டில் யாரும் மூடியைக் கழற்ற வேண்டாம் என்றும் சொல்லி அனுப்பினார். எந்த மெஷின்களுக்குப் போர்டும் ஐ.ஜி.பி.டி.யும் உள்ளூரிலேயே கிடைக்கின்றன, எவற்றுக்கு எதுவும் கிடைப்பதில்லை என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். இந்தத் தகவலை எந்தக் கடையும் எங்களுக்குத் தரவில்லை.

அவர் சொன்னது எவ்வளவு உண்மை என்பதற்கு உறவிலேயே சான்று இருந்தது. குடியாத்தத்தில் இருக்கும் மாமா மகன் இணையத்தில் விலை குறைவாகக் கிடைத்தது என்று ஒரு மெஷினை வரவழைத்திருந்தான். சில வாரங்களில் மெஷின் நின்றுபோனதும் விற்றவர்கள் சென்னைக்கு அனுப்பச் சொன்னார்கள். லாரி பார்சலில் அனுப்பி, மாதக்கணக்கில் தொலைபேசியில் கேட்டு, கடைசியில் பாகம் இல்லை என்று அப்படியே திரும்பி வந்தது. வாரண்டி அட்டை இன்னும் அவன் வீட்டில் இருக்கிறது.

கனடாவிலிருந்தே ஒன்றைக் கொண்டுவந்திருக்கலாமே என்று வீட்டில் கேட்டார்கள். அங்கே எங்கள் வீடுகளில் மெஷினுக்கென்று 240 வோல்ட், 50 ஆம்பியர் இணைப்பைத் தனியாகப் போட்டுக்கொள்கிறோம், மின்சாரமும் 60 ஹெர்ட்ஸ். தகட்டில் 50/60 என்று இருந்தால் இங்கே ஓடும்தான். ஆனால் பழுதானால் அதைத் திறந்து பார்க்க வேலூரில் ஆள் இருக்காது. அந்த யோசனையை அத்துடன் விட்டுவிட்டோம். ராடுக்குப் பதிலாகக் கம்பிச் சுருளும் வாயுவும் பயன்படும் மிக் மெஷினையும் ஒரு கடையில் பரிந்துரைத்தார்கள். 18 கேஜ் குழாய்க்கு மிக் வெல்டிங் மிக அழகாக வரும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கார்பன் டை ஆக்ஸைடு சிலிண்டரை நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும், மூன்று பக்கமும் திறந்த கொட்டகையில் காற்று வீசினால் வாயு கலைந்து வெல்டிங்கில் ஓட்டை விழும். சித்தப்பாவின் இடத்துக்கு அது பொருந்தவில்லை.

ராணிப்பேட்டைக் கடையில் அந்த 200 ஆம்பியர் இன்வெர்ட்டர் மெஷினை ஓட்டிப் பார்த்த பிறகே பணம் என்பதற்குச் சம்மதித்தார்கள். சித்தப்பாவின் பழைய நண்பர் ஒருவர், பெல்லில் பாய்லர் வேலைக்கான ஐ.பி.ஆர். (இந்திய பாய்லர் விதிமுறை) தேர்ச்சி பெற்ற வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர், எங்களுடன் வந்திருந்தார். அவர் முதலில் 16 கேஜ் குழாயில் 12 கேஜ் ராடை ஹோல்டரில் மாட்டி, அதை மைனஸில் இணைத்து, 65 ஆம்பியரில் டாக், அதாவது சிறு புள்ளி வெல்டிங், அடித்தார்; ஓட்டை விழவில்லை. பிறகு 6 மி.மீ. பட்டாவில் 10 கேஜ் ராடை 115 ஆம்பியரில் ஓட்டினார். நடுவில் வேண்டுமென்றே ராடை அழுத்தி ஒட்டவைத்து, "ஒட்டின உடனே கரண்டைக் குறைச்சு விட்டுடுதா, இல்ல ராடு சிவக்குற வரைக்கும் பிடிச்சு இழுக்குதான்னு பாருங்க தம்பி" என்றார். விட்டுவிட்டது. கசடைத் தட்டி எடுத்ததும் வெல்டிங் தடத்தின் அலை ஒரே சீராக இருந்தது. கடைசியாக 7018 ராடு ஒன்றை உரசிப் பார்த்தார். சில சிறிய மெஷின்களில் சும்மா இருக்கும்போதைய வோல்ட் குறைவாக இருப்பதால் அந்த ராடு பற்றாது, இதில் இரண்டாவது உரசலில் பற்றிக்கொண்டது. கண்ணாடியைப் பற்றியும் அவர் கண்டிப்பாக இருந்தார்: 11ஆம் எண் கறுப்புக் கண்ணாடி உள்ள தலைக்கவசம் இல்லாமல் மெஷினை வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது என்று தானே ஒன்றை எடுத்து வைத்தார். ஜி.எஸ்.டி. உட்பட 11,500 ரூபாய். பில்லில் மெஷினின் வரிசை எண்ணைக் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டோம். ராடு, அதற்கான இந்தியத் தரக் குறியீடான ஐ.எஸ். 814 முத்திரை உள்ளதாகப் பார்த்து எடுத்தோம்.

வீட்டு மின்சாரத்தைச் சரி செய்ததுதான் மெஷின் வாங்கியதைவிடப் பெரிய வேலை. கொட்டகைக்குப் போன பழைய ஒயர் விளக்குக்கும் மின்விசிறிக்கும் போட்டது. மாலை நேரத்தில் அங்கே மீட்டர் வைத்துப் பார்த்தபோது 200 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியது. 120 ஆம்பியரில் வெல்டிங் செய்யும்போது இந்த மாதிரி மெஷின் 230 வோல்ட்டில் சுமார் 22 ஆம்பியர் இழுக்கும். வோல்ட் 180க்கு இறங்கினால், வெளியீட்டைக் குறைக்காமல் இருக்க 28 ஆம்பியர் வரை இழுக்கும். 16 ஆம்பியர் சாக்கெட் அதற்கு உருகிவிடும். எலக்ட்ரீஷியன் மெயின் போர்டிலிருந்து கொட்டகை வரை 6 சதுர மி.மீ. செம்பு ஒயர் இழுத்து, 32 ஆம்பியர் சி வகை எம்.சி.பி.யும் அதே அளவுக்கான இண்டஸ்ட்ரியல் சாக்கெட்டும் பொருத்தி, பட்டறைக்கென்று தனி எர்த் குழி எடுத்தார். நியூட்ரலையே எர்த்தாக இணைத்துவிடலாம் என்று பக்கத்தில் ஒருவர் யோசனை சொன்னபோது, அதற்கு மட்டும் தான் கை வைக்க மாட்டேன் என்று அந்த எலக்ட்ரீஷியன் மறுத்தது எனக்கு மிகுந்த நிம்மதியைத் தந்தது.

மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கூடுதல் மின்பளுவுக்கு விண்ணப்பிக்கச் சொன்னார்கள். இணையம் வழியாகவே கொடுத்தோம். அங்கிருந்த அலுவலர் பொறுமையாக ஒன்றைத் தெளிவுபடுத்தினார்: சொந்த வீட்டு வேலைக்கு மட்டும் பயன்படுத்தும் வரை வீட்டு இணைப்பு போதும், வெளியாரிடம் கூலி வாங்கிக்கொண்டு கேட் செய்யத் தொடங்கினால் பட்டறைக்குத் தனி இணைப்பும் அதற்குரிய கட்டணமும் வேண்டும், இல்லையென்றால் இலவச யூனிட் சலுகை உள்ள வீட்டு இணைப்பைத் தொழிலுக்குப் பயன்படுத்தியதாக அபராதம் வரும். தெருவிலேயே இரண்டு பேர் கேட் கேட்டு வந்துவிட்டதால், தனி இணைப்புக்கு மனு போட்டு மீட்டர் வரும் வரை வெளி வேலையை ஏற்கப் போவதில்லை என்று சித்தப்பா அவர்களிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார்.