டோபி கடைக்கு வைத்த பாக்டீரியா தொட்டி: எட்டு மாதம் கழித்து

பினாங்கு ஆயர் ஈத்தாம் ஆற்றோரம் வண்ணான்துறையில் கல்லில் துணி அடித்த குடும்பம் எங்களுடையது. தாத்தா காலத்தில் சோப்புத் தண்ணீர் நேரே ஆற்றுக்குத்தான் போகும், யாரும் கேட்டதில்லை. இப்போது ஹோட்டல் விரிப்பும் துண்டும் மிஷினில் துவைக்கிறோம். கழிவுநீர் மலேசியாவின் 2009 தொழிற்சாலைக் கழிவுநீர் விதிமுறைக்குள் நிற்க வேண்டும், குடிநீர் எடுக்கும் இடத்துக்குக் கீழே விடுகிறவர்களுக்கான பி தரத்துக்கு சிஓடி (தண்ணீரில் உள்ள அழுக்கைச் சிதைக்க எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்ற அளவு) லிட்டருக்கு 200 மில்லிகிராம். அதற்காகத்தான் பின்கட்டில் ஒரு எம்பிபிஆர் தொட்டி வைத்தோம், அதாவது மிதந்து சுழலும் பிளாஸ்டிக் துண்டுகளில் பாக்டீரியா வளர்த்துக் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் தொட்டி.

திறந்து பார்த்தால் முதலில் சிரிப்புதான் வரும். விரல் நுனி அளவு பிளாஸ்டிக் சக்கரங்கள் ஆயிரக்கணக்கில், அடியிலிருந்து புளோவர் காற்று ஊத, கொதிக்கும் சோறு மாதிரி சுழன்றுகொண்டே இருக்கும். நார்வேக்காரர்கள் 1980களின் கடைசியில் கண்டுபிடித்த முறையாம். சக்கரத்தின் உள்பக்கம் பாக்டீரியா ஒட்டிக்கொண்டு பாசி போல ஒரு வழவழப்பைக் கட்டுகிறது (வெளிப்பக்கம் உரசி உரசிப் போய்விடும்), சோப்புத்தூளில் உள்ள ரசாயனத்தை அதுதான் தின்கிறது, முதலில் அந்த மூலக்கூறின் நீண்ட வாலை, அப்புறம் அதன் பென்சீன் வளையத்தை.

ஆனால் விற்றவர் சொல்லாமல் விட்டது நிறைய. முதல் மூன்று வாரம் ஒன்றும் நடக்கவில்லை, நுரை மட்டும் தொட்டிக்கு வெளியே வழிந்து பக்கத்து வீட்டு வாசல்வரை போனது. அப்புறம் அவர் யூரியா போடச் சொன்னபோது ஏமாற்றுகிறார் என்றே நினைத்தேன். விசாரித்தால் உண்மைதான், எங்கள் தண்ணீரில் நைட்ரஜன் போதாது, பட்டினி கிடந்தால் பாக்டீரியா வளராது. சரி, சக்கரம் பழுப்பாகி, சோதனையில் சிஓடி அளவு இறங்க ஆரம்பித்த நேரத்தில், நம் பையன் ஒருவன் "அண்ணே, அழுக்கா இருக்கு" என்று ஒரு கூடைச் சக்கரத்தைக் குளோரினில் ஊறவைத்து வெள்ளைவெளேர் என்று கொண்டுவந்து காட்டினான். திட்டவும் முடியவில்லை, வாழ்நாள் முழுக்க நாங்கள் அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே அதுதானே! அந்தக் கூடை மறுபடி பழுப்பாக ஒரு மாதம்.

அதிலிருந்து பிளீச் போட்ட தண்ணீரைத் தனி டிரம்மில் பிடித்து, குளோரின் வீரியம் போன பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறோம். துணியை மென்மையாக்கும் திரவத்தையும் பாதியாகக் குறைத்தோம், அதில் இருக்கும் சரக்கே கிருமியைக் கொல்லும் வகை. இப்போது நான்கு மாதமாக சிஓடி 200ஐத் தாண்டவில்லை. கழிவுச் சேற்றைத் திருப்பி அனுப்பும் பம்பு கிம்பு எதுவும் இல்லாதது பெரிய நிம்மதி.

குறை என்றால் புளோவர்தான். ராத்திரி பகல் ஓடுகிறது, சத்தமும் உண்டு, கரண்டு பில்லும் உண்டு, நிறுத்தினால் பாக்டீரியா மூச்சடைத்துச் செத்துவிடும் என்பதால் பெருநாள் லீவிலும் ஓட வேண்டும். ஹோட்டல் துணி துவைப்பவர்கள் தாராளமாக வாங்கலாம், ஆனால் கையில் இரண்டு மாதம் அவகாசம் இருக்கும்போது வாங்குங்கள். சாயப் பட்டறை வைத்திருப்பவர்கள் இதை மட்டும் நம்பி இறங்க வேண்டாம், காற்று ஊதும் தொட்டியில் சாயத்தின் நிறம் அவ்வளவாகப் போகாது.