ஹொய்டோ, தண்டர் பே: இனி சாப்பிட முடியாத ஓர் உணவகத்துக்கு ஐந்து நட்சத்திரம்

டொராண்டோவிலிருந்து வின்னிபெக் பக்கம் காரில் போகிறவர்கள், வழியில் கனடாவின் தண்டர் பே நகரத்தில் இருந்த ஹொய்டோ உணவகத்தைப் பற்றி இன்னும் விசாரிக்கிறார்கள். பழைய பயணக் குறிப்புகள் எல்லாவற்றிலும் அந்தப் பெயர் இருக்கிறது, பே தெரு, எண் 314 என்று முகவரியும் இருக்கிறது. அந்த முகவரிக்குப் போய் ஏமாறாதீர்கள். அது இருந்த கட்டடம் 2021 டிசம்பர் 22 அன்று தீயில் அழிந்துவிட்டது. பிறகு எதற்கு விமர்சனம் என்றால், கனடாவில் நான் சாப்பிட்ட இடங்களில் முழு மதிப்பெண் கொடுக்க மனம் வருவது இந்த ஒன்றுக்குத்தான், அதைப் பற்றித் தமிழில் யாராவது எழுதி வைக்க வேண்டும்.

முதலில் சாப்பாடு. ஃபின்லாந்திலிருந்து குடியேறிய தொழிலாளர்களின் ஃபின்னிஷ் லேபர் டெம்பிள் என்ற பெரிய மன்றத்தின் அடித்தளத்தில் இருந்தது ஹொய்டோ. வார இறுதியில் காலையில் போனால் வெளியே வரிசை நிற்கும், அதில் பாதிப் பேர் உள்ளூர்க்காரர்கள். எல்லாரும் கேட்பது பான்கேக். அமெரிக்கக் கடைகளில் கிடைக்கும் தடித்த பான்கேக் இல்லை இது. முறுகாமல் எடுத்த தோசை மாதிரி மெல்லிசாக, தட்டின் ஓரத்தைத் தொடும் அகலத்தில், விளிம்பில் மட்டும் வெண்ணெயில் லேசாகச் சிவந்து வரும், நடுவில் முட்டையும் பாலும் சேர்ந்த மிருதுத் தன்மை இருக்கும். சிரப் ஊற்றியும் சாப்பிடலாம், ஸ்ட்ராபெரி போட்டும் சாப்பிடலாம், எனக்கு ஸ்ட்ராபெரிதான் பிடிக்கும். மொயாக்கா என்று மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, கேரட் போட்ட ஒரு சூப், குளிரில் வந்து உட்கார்ந்ததும் அதைக் குடித்தால் உடம்பு சூடாகிவிடும். உப்பில் ஊறவைத்த மீனை ரொட்டிமேல் வைத்துத் தருவார்கள், அதன் பெயர் சுவோலகலா, கருவாடு, உப்புமீன் பழகிய நம் நாக்குக்கு அது அந்நியமாகத் தெரியாது. வீலி என்ற புளித்த பாலும் உண்டு. அலங்காரம் ஒன்றும் கிடையாது, சாதாரண மேசை நாற்காலி, அடக்கமான விலை, வயிறு நிறையும் அளவு.

சரி, இந்த மலிவும் தாராளமும் எங்கிருந்து வந்தன என்பதுதான் விஷயம். இன்றைய தண்டர் பே 1970இல்தான் ஒரே நகரமாக இணைந்தது. அதற்கு முன் இந்தப் பகுதி போர்ட் ஆர்தர் என்ற தனி நகரம். சுற்றியுள்ள காடுகளில் மரம் வெட்டும் முகாம்கள் இருந்தன, அவற்றில் வேலை செய்தவர்களில் ஃபின்லாந்திலிருந்து வந்தவர்கள் மிக அதிகம். மாதக்கணக்கில் காட்டில் கிடந்துவிட்டு நகருக்கு வரும் ஆளுக்கு, நியாயமான விலையில் வீட்டுச் சாப்பாடு போட ஓர் இடம் வேண்டியிருந்தது. முதலாளி யாரும் வந்து கடை போடவில்லை. 'தோழர் கடன்' என்று ஆளுக்கு 5 டாலராக 59 பேர் கொடுத்த பணத்தில், 1918 மே 1 அன்று கூட்டுறவு உணவகமாக ஹொய்டோ திறந்தது. நீண்ட மேசைகளில் எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து, பாத்திரத்தைக் கைமாற்றிச் சாப்பிட்டார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் மத்திய அரசு ஃபின்னிஷ் மொழியில் பத்திரிகை வெளியிடுவதற்கே தடை போட்டது. அந்த மனிதர்களை அரசாங்கம் எந்தக் கண்ணோடு பார்த்தது என்பது அதிலேயே தெரிகிறது. கீழே அடுப்பு மட்டும் எரிந்துகொண்டே இருந்தது.

மேலே இருந்த மன்றம் ஹொய்டோவுக்கும் மூத்தது, 1910இல் கட்டி முடித்தது. மதுவிலக்குச் சங்கம் ஒன்றும் சோஷலிசத் தொழிலாளர் சங்கம் ஒன்றும் சேர்ந்து கட்டினார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த தகவல். முகப்பில் 'உழைப்பு அனைத்தையும் வெல்லும்' என்ற லத்தீன் வாசகம், மேலே ஒரு சின்னக் கோபுரம், உள்ளே மேடையோடு பெரிய கூடம், நூலகம். நாடகம், நடனம், உடற்பயிற்சி, தொழிற்சங்கக் கூட்டம், எல்லாம் அந்தக் கூரையின் கீழே நடந்தன. சண்டையும் நடந்தது. கம்யூனிஸ்டுகளும் மற்ற தொழிற்சங்கக்காரர்களும் பிரிந்து, பக்கத்துக் கட்டடமான 316இல் இன்னொரு மன்றமே வந்தது, அதை 'சின்ன ஃபின் ஹால்' என்பார்கள்.

இந்த ஊர்ச் சரித்திரத்தில் மறக்கக் கூடாத இரண்டு பெயர்கள் வில்யோ ரோஸ்வால், யான்னே வவுட்டிலாய்னென். மரம் வெட்டும் தொழிலாளர் சங்கத்துக்காரர்கள். 1929 நவம்பரில், வேலைநிறுத்தத்துக்கு ஆள் சேர்க்க ஆனியன் ஏரிப் பக்கத்து முகாமுக்குப் போனவர்கள் திரும்பவில்லை. அடுத்த ஏப்ரலில்தான் உடல்கள் கிடைத்தன. தவறி விழுந்து மூழ்கியதாக விசாரணை சொன்னது, சக தொழிலாளர்கள் கொலை என்றே நம்பினார்கள். 1930 ஏப்ரல் 28 அன்று நடந்த இறுதி ஊர்வலத்தில் ஆயிரக்கணக்கானோர் நடந்தார்கள், அன்று சூரிய கிரகணமும் வந்தது. இதெல்லாம் தெரிந்தபின் அந்த அடித்தளத்தில் உட்கார்ந்து சாப்பிடும்போது சாப்பாடு வேறு மாதிரி இறங்கும்.

2011இல் லேபர் டெம்பிளைத் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தார்கள். நல்ல காரியம்தான். ஆனால் கனடாவில் அந்த அறிவிப்பு ஒரு கௌரவம், அவ்வளவே. தனியார் சொத்தாக இருந்தால், அதை வைத்துச் சட்டப்படி யாரையும் தடுக்க முடியாது, பராமரிக்கும் பொறுப்பும் சொந்தக்காரருடையதே. கடன் சுமை, அப்புறம் பெருந்தொற்று, எல்லாம் சேர்ந்து 2020இல், கட்டடத்தின் சொந்தக்காரரான ஃபின்லாந்தியா சங்கத்தின் உறுப்பினர்கள் சொத்தை விற்றுவிட வாக்களித்தார்கள். தனியார் கைக்குப் போய்க் குடியிருப்பாக மாறிக்கொண்டிருந்தபோதுதான் தீ.

என் அபிப்பிராயத்தில் அந்தக் கட்டடத்தின் மிக விலைமதிப்பான பகுதி கோபுரமும் முகப்பு வாசகமும் அல்ல, அடித்தளச் சமையலறைதான். நூறாண்டுக்கு மேல் அந்தப் படியில் மனிதர்களை இறங்க வைத்தது அது. அரசியலே பிடிக்காதவரும், ஃபின்னிஷ் ஒரு வார்த்தை தெரியாதவரும், நம்மைப் போல வழிப்போக்கரும் பான்கேக்குக்காக வந்து, சுவரில் மாட்டியிருந்த பழைய படங்களைப் பார்த்துவிட்டு, இவர்கள் யார் என்று கேட்டார்கள். பாரம்பரியச் சின்னம் என்று பட்டியல் போடுகிறவர்கள் செங்கல்லையும் மரத்தையும் விவரிக்கும் அக்கறையில் கால்வாசியாவது இந்த அடுப்பைக் காப்பாற்றக் காட்டியிருக்கலாம். நஷ்டத்தில் ஓடும் ஒரு கூட்டுறவுச் சமையலறைக்கு உதவ எந்தத் திட்டத்திலும் இடமில்லை என்றால், அந்தத் திட்டத்தில்தான் குறை.

இப்போது தண்டர் பே போகிறவர்களுக்கு: ஃபின்னிஷ் பான்கேக் வேண்டுமென்றால் ஆலிவர் சாலையில் காங்காஸ் சவுனா இருக்கிறது. நீராவிக் குளியல் அறையை மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிறார்கள், முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள், அங்கேயே சிறிய உணவகமும் உண்டு. பெர்ஷியன் என்று இளஞ்சிவப்புப் பெரிப் பூச்சோடு ஓர் இனிப்பு ரொட்டி கிடைக்கும், அந்த ஊருக்கே உரியது, அதையும் விட்டுவிடாதீர்கள். நேரம் இருந்தால் ரிவர்சைடு கல்லறைத் தோட்டத்துக்குப் போங்கள். ரோஸ்வாலும் வவுட்டிலாய்னெனும் அங்கேதான் இருக்கிறார்கள்.