தோட்டத்தில் கிடைத்த கல்லை விண்கல் என்று சொல்லிப் பணம் கறக்கிறார்கள், கவனம்

வீட்டுத் தோட்டத்தில் வித்தியாசமான கல் ஏதாவது கிடைத்து, யாரிடம் காட்டலாம் என்று தேடிக்கொண்டிருப்பவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டு அப்புறம் பணம் அனுப்புங்கள்.

அப்பா மரக்கன்று வைக்கக் குழி தோண்டும்போது கடப்பாரையில் தட்டுப்பட்டது அந்தக் கல். கறுப்பு நிறம், மேலெல்லாம் கட்டைவிரலால் அழுத்திய மாதிரி பள்ளங்கள், கையில் எடுத்தால் நல்ல கனம், காந்தம் வேறு டக்கென்று ஒட்டியது. விண்கல் வாங்குவதாக விளம்பரம் போட்டிருந்த ஒருவருக்குப் படம் அனுப்பினோம். உடனே போன் வந்தது. அபூர்வமான கல், வெளிநாட்டில் வாங்க ஆள் தயார், சான்றிதழ் மட்டும் எடுத்தால் போதும் என்றார். சோதனைக் கட்டணம் கட்டியதும் நேரில் வந்து ஒரு மூலையை அறுத்து எடுத்துக்கொண்டு போனார், சான்றிதழும் வந்தது. அதற்குப் பிறகு பதிவுக் கட்டணம், அப்புறம் ஏற்றுமதி அனுமதிக்கு இன்னொரு கட்டணம். எல்லாம் கட்டி முடித்து, வாங்குகிறவர் யார் என்று கேட்டதும் எங்கள் எண்ணையே தடுத்துவிட்டார்.

நிலவியல் பேராசிரியர் ஒருவரிடம் கல்லைக் கொண்டுபோனோம். அறுத்த பக்கத்தைத் தண்ணீரில் நனைத்து லென்ஸை என் கையில் கொடுத்தார். குண்டூசித் தலை அளவில் வட்ட வட்டமாக ஓட்டைகள், அவற்றைச் சுற்றிக் கண்ணாடி போல ஒரு பளபளப்பு. தாதுவை உருக்கி உலோகம் எடுக்கும்போது மிஞ்சுகிற உலைக் கசடு அது. விண்கல் காற்றைக் கிழித்துக்கொண்டு வரும்போது மேல்தோல் மட்டும்தான் உருகும், உள்ளே கொதிக்காது, அதனால் இப்படிக் குமிழி ஓட்டைகள் அநேகமாக இருக்கவே இருக்காது. பெரும்பாலான விண்கற்களை அறுத்தால் நிக்கல் கலந்த இரும்புத் துணுக்குகள்தான் மின்னும்.

என்னால் பொறுக்க முடியாதது இதுதான்: அறுத்தவர் அந்த ஓட்டைகளைக் கண்ணால் பார்த்திருக்கிறார். பார்த்த பிறகுதான் அப்பாவிடம் மீதி இரண்டு கட்டணங்களையும் கேட்டு வாங்கியிருக்கிறார்.

காந்தம் ஒட்டுவதைக் காட்டி யாரும் எதையும் நிரூபித்துவிட முடியாது. மேக்னடைட் என்கிற இரும்புத் தாதுவும் ஒட்டும், கசடும் ஒட்டும். நிஜமான விண்கல்லாக இருந்தால், சக்தி வாய்ந்த காந்தத்தை வைப்பது அதில் பதிந்திருக்கும் பழைய காந்தத் தடயத்தை அழித்துவிடும், அது ஆராய்ச்சிக்குப் பெரிய இழப்பு. அதற்குப் பதில் கல்லை டைல்ஸின் பின்பக்கம், பளபளப்பு இல்லாத இடத்தில் உரசிப் பாருங்கள். மேக்னடைட் கறுப்புக் கோடு போடும், ஹெமடைட் என்கிற இன்னொரு இரும்புத் தாது செம்பழுப்பாகப் போடும், விண்கல் பெரும்பாலும் கோடே போடாது. கசடை இதில் கண்டுபிடிக்க முடியாது, அதற்கு உள்பக்கத்தைப் பார்த்தே ஆகவேண்டும்.

பதிவு என்று அந்தக் கட்டணம் வாங்கியவர் சொன்னதும் பொய். விண்கற்களுக்கு முறைப்படி பெயர் கொடுப்பது, விண்கல் ஆராய்ச்சியாளர்களின் சர்வதேச அமைப்பான மெட்டியோரிட்டிகல் சொசைட்டியின் பெயரிடும் குழு. கல்லைப் பகுப்பாய்வு செய்த ஆராய்ச்சியாளர் வழியாகத்தான் விண்ணப்பம் போகும். மாதிரிக்கென்று 20 கிராம் அல்லது மொத்த எடையில் 20 சதவீதம், இரண்டில் எது குறைவோ அதை ஒரு நிறுவனத்தில் ஒப்படைக்க வேண்டும். ஏற்கப்பட்ட பெயர்களை அவர்களுடைய தரவுத்தளத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம்.

எங்களுக்கு வந்த சான்றிதழில் ஆய்வகத்தின் பெயர் இல்லை, நிக்கல் அளவு இல்லை, கல்லின் எடைகூட இல்லை. நாங்கள் அனுப்பிய அதே படமும் ஒரு தங்கநிற முத்திரையும்தான். இப்படி ஒன்று உங்களுக்கும் வந்திருந்தால் அடுத்த கட்டணத்தைக் கட்டாதீர்கள். அவர் அனுப்பிய செய்திகள், பணம் போன ரசீதுகள் எதையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு போலீஸில் புகார் கொடுங்கள், நாங்கள் கொடுத்துவிட்டோம்.