வயர் இல்லாமல் ஆறு வருடம்

இணையத்துக்குக் கேபிள் இழுக்க முடியாத வீடு என்னுடையது. அதனால் இந்த ஆறு வருடத்தில் 4ஜி ரவுட்டர், கூரை மேல் மாட்டும் 5 கிகாஹெர்ட்ஸ் டிஷ், செயற்கைக்கோள், இப்போது 5ஜி என்று எல்லாவற்றையும் பார்த்தாகிவிட்டது.

4ஜியில்தான் அதிகம் கற்றுக்கொண்டேன். முதல் வருடம் முழுக்க ரவுட்டரை டிவி பக்கத்தில் வைத்துக்கொண்டு, "நாலு கோடு சிக்னல் இருக்கு, நெட் மட்டும் ஓடமாட்டேங்குது" என்று புலம்பிக்கொண்டிருந்தேன். அந்தக் கோடுகளை நம்பவே கூடாது. ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில் எஸ்ஐஎன்ஆர் என்று ஓர் எண் இருக்கும். இரைச்சலும் பக்கத்து டவர்களின் குறுக்கீடும் சேர்ந்த கூச்சலுக்கு நடுவே நம் சிக்னல் எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது என்பதை அது சொல்லும். டிவி பக்கத்தில் 3 டெசிபெல். மாடி ஜன்னலில் 14. அதே சிம், அதே டவர்தான், ஆனால் வேகம் மூன்று மடங்கு! இரவு எட்டு மணிக்கு மேல் மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. டவரின் கொள்ளளவை அக்கம்பக்கம் எல்லோரும் பங்குபோடும்போது ஜன்னல் என்ன செய்யும்?

அப்புறம் டவரை நோக்கித் திருப்பி மாட்டும் 5 கிகாஹெர்ட்ஸ் டிஷ். பிங், அதாவது நாம் அனுப்பியதற்குப் பதில் திரும்பி வர ஆகும் நேரம், 10 மில்லிசெகண்டுக்குள் வந்ததைப் பார்த்து மயங்கிப்போனேன். இரண்டாம் வருடம் எதிரே இருந்த மரம் வளர்ந்தது, நெட் தடுமாறியது. "இங்கிருந்து பார்த்தால் டவர் தெரிகிறதே" என்று டெக்னீஷியனிடம் வாதாடினேன். கண்ணுக்குத் தெரிந்தால் போதாதாம். நேர்கோட்டைச் சுற்றி, நடுவில் பருத்த ஒரு பகுதியும் காலியாக இருக்க வேண்டும். ஃப்ரெனல் மண்டலம் என்பார்கள். ஈர இலைகள் இன்னும் மோசம். மழை விட்ட பிறகும் இலை காயும்வரை நெட் தள்ளாடும்.

செயற்கைக்கோளில் நான் எடுத்தது பூமிக்குப் பக்கத்திலேயே சுற்றும் தாழ்வட்டப் பாதை வகை. சுமார் 550 கிலோமீட்டர் உயரம்தான் என்பதால் பிங் 40 மில்லிசெகண்டில் நின்றது. வானத்தில் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தெரியும் பழைய புவிநிலை வகைக்கு உயரம் 35,786 கிலோமீட்டர். சிக்னல் போய்த் திரும்பவே அரை விநாடி ஆகிவிடும், அதில் வீடியோ கால் பேசுவது தண்டனை. என் டிஷ்ஷிலும் அடைமழையில் சில நிமிடம் எல்லாம் நின்றுபோகும். எனக்கு உறுத்தியது மின்சாரம். இரவும் பகலும் 50 வாட்டுக்கு மேல் இழுத்து, இன்வெர்ட்டர் பேட்டரியைக் காலி செய்துவிடும்.

இப்போதிருக்கும் 5ஜி வேகமானதுதான், சந்தேகமில்லை. ஆனால் 3.5 கிகாஹெர்ட்ஸ் அலைக்குச் சுவர் என்றால் ஆகாது, வெப்பம் தடுக்கும் பூச்சுள்ள கண்ணாடியும் ஆகாது. ஆன்டெனாவை வெளியே மாட்டிய பிறகுதான் காசுக்கேற்ற வேகம் வந்தது. இன்னொரு தலைவலி: பலருக்கும் சேர்த்து ஒரே பொது ஐபி முகவரி (இணையத்தில் நம் இணைப்பைக் கண்டுபிடிக்க உதவும் எண்) தருவதால், வெளியிலிருந்து வீட்டுக் கேமராவை நேரடியாகப் பார்க்க முடியவில்லை. விபிஎன் (இணையம் வழியே போடும் தனிப்பட்ட பாதை) வைத்துச் சமாளிக்கிறேன்.

பழைய 4ஜி ரவுட்டரை விற்கவில்லை. வேறு நிறுவனத்தின் சிம் போட்டு அதே மாடி ஜன்னலில் வைத்திருக்கிறேன். போன மாதம் 5ஜி டவர் படுத்த இரண்டு நாளும் அலுவலக வேலை அதில்தான் ஓடியது.