ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி: இட்டேரியிலும் மோட்டோகிராஸ் தடத்திலும் மூன்று ஆண்டுகள்

ஞாயிறு காலை ஐந்தரை மணிக்குக் கோவைக்கு அருகே கிணத்துக்கடவில் ஒரு தேநீர்க் கடையில் நண்பர்கள் நால்வரும் கூடுவோம். அங்கிருந்து தார்ச்சாலையை விட்டு இறங்கி, வேலிகளுக்கு நடுவே ஓடும் இட்டேரி எனும் மண்பாதைகளிலும் கரட்டு நிலங்களிலும் தண்ணீர் வற்றிய பள்ளங்களிலும் பத்து மணிவரை ஓட்டிவிட்டு வீடு திரும்புவோம். எங்களில் மூவரிடம் இருப்பது ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி என்ற மோட்டார் சைக்கிள். நான்காமவர் அதற்கு முந்தைய இரண்டு வால்வு வண்டியையே இன்னும் வைத்திருக்கிறார். என் வண்டியை 2022 தொடக்கத்தில் வாங்கினேன். மூன்று ஆண்டுகளுக்கும் மேலாக மண்ணிலும் கல்லிலும் புழங்கியபின் இதைப் பற்றி எழுதலாம் என்று தோன்றியது.

ஹீரோ நிறுவனம் 2011இல் இம்பல்ஸ் என்ற 150 சிசி வண்டியைக் கொண்டுவந்தபோது இங்கே அதை வாங்கியவர்கள் குறைவு. 2019இல் எக்ஸ்பல்ஸ் 200 வந்தது. 2021 அக்டோபரில் நான்கு வால்வுத் தலையுடன் வந்த 4வியின் அன்றைய தில்லி ஷோரூம் விலை ஏறத்தாழ 1.28 லட்சம் ரூபாய். முன்சக்கரம் 21 அங்குலம், பின்சக்கரம் 18 அங்குலம், இரண்டும் ஸ்போக் சக்கரங்கள். தரையிலிருந்து 220 மி.மீ. இடைவெளி, முன்பக்க சஸ்பென்ஷன் 190 மி.மீ.யும் பின்பக்கம் 170 மி.மீ.யும் இறங்கி ஏறும். இந்த விலைக்குள் இவை அனைத்தும் ஒரே வண்டியில் அமைந்தது அப்போது இந்தியாவில் வேறெங்கும் இல்லை என்பதே நான் இதை வாங்கியதற்கான முதற்காரணம்.

இந்த எண்களின் பொருள் இட்டேரியில்தான் விளங்கும். இருபுறமும் கிளுவை வேலி, நடுவே மாட்டுவண்டிச் சக்கரங்கள் அறுத்த இரண்டு தடங்கள், அவற்றுக்கு இடையே தேங்காய் அளவுக் கற்கள் கிடக்கும் பாதையில் சாதாரண 17 அங்குலச் சக்கரம் ஒவ்வொரு கல்லிலும் முட்டி நின்று, ஹேண்டிலைக் கையிலிருந்து பிடுங்கப் பார்க்கும். 21 அங்குலச் சக்கரமோ அதே கல்லின்மேல் ஏறி உருண்டு போய்விடுகிறது. கால் வைக்கும் ஃபுட்பெக்கில் எழுந்து நின்று, முழங்கால்களால் டேங்கை லேசாக அணைத்துக்கொண்டு, இரண்டாம் கியரில் விட்டால் வண்டி தன் போக்கில் வழி தேடிக்கொள்ளும். என் உயரம் ஐந்தடி எட்டங்குலம். நின்று ஓட்டும்போது ஹேண்டில் சற்றே தாழ்வாகப்படுவதால் ஹேண்டிலை உயர்த்தும் ஓர் அங்குல ரைசர் போட்டபின்புதான் முதுகு வலி நின்றது.

199.6 சிசி எஞ்சின் 19.1 பி.எஸ். (குதிரைத்திறன்) ஆற்றலையும் 17.35 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையையும் தருகிறது. காகிதத்தில் இது குறைவுதான். செங்குத்தான கரட்டில் ஏறும்போதும் குறைவுதான். முதல் கியரில் கிளட்சைப் பாதி பிடித்து ஏற வேண்டிய இடங்கள் உண்டு. ஆனால் மண்பாதைக்குப் புதியவர்களுக்கு இந்தக் குறைவே நன்மையாகிறது, ஏனெனில் பதற்றத்தில் ஆக்சிலரேட்டரைத் தவறுதலாக முறுக்கினாலும் பின்சக்கரம் மண்ணைக் கிளறுமே தவிர, வண்டி ஆளைத் தூக்கி எறியாது. ஆயில் கூலர் இருப்பதால் மே மாத வெயிலில் ஊர்ந்து செல்லும்போதும் எஞ்சின் மூச்சுத் திணறுவதில்லை. சைலன்சர் பக்கவாட்டில் மேல்நோக்கிப் போவதால் முழங்கால் அளவு நீரைக் கடப்பதில் அச்சமில்லை. நெடுஞ்சாலையில் மணிக்கு 80 கி.மீ. வரை சுகம், அதற்குமேல் ஹேண்டிலில் நடுக்கம் ஏறுகிறது. ஐந்து கியர்தான் என்பதால் ஆறாவதைக் கால் தேடும் பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

பிரேக்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். முன்சக்கரத்துக்கு மட்டுமே இருப்பதைச் சிலர் சிக்கனம் என்று குறை சொல்கிறார்கள். மண்ணில் ஓட்டுபவர்களுக்கு அது வரம். சரளை இறக்கத்தில் பின்சக்கரத்தைப் பூட்டிச் சறுக்கவிட்டு வண்டியைத் திருப்புவது அடிப்படைப் பாடம், பின்புறம் ஏ.பி.எஸ். இருந்தால் அது நடவாது. 2023இல் வந்த மாற்றத்தில் சாலை, ஆஃப்ரோடு, ரேலி என மூன்று நிலைகள் தந்திருக்கிறார்கள். ரேலி நிலையில் ஏ.பி.எஸ். முழுவதும் அணைந்துவிடும். என் வண்டியில் இந்த வசதி இல்லை. தளர்மண் இறக்கங்களில் முன் லீவர் விரலுக்கடியில் துடிக்க, வண்டியோ நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும் அந்த இரண்டு நொடிகளில் நண்பரின் புது வண்டிமேல் பொறாமை வருவது உண்மை.

எங்களுக்கு மிகவும் பிடித்த குணம், இவ்வண்டி விழுவதைத் தாங்குகிறது என்பது. நான் மட்டும் நாற்பது முறையாவது கீழே போட்டிருப்பேன். கீழேயுள்ள அலுமினியத் தகடு கல்லடியை ஏற்றுக்கொள்கிறது. வளைவது பெரும்பாலும் கியர் லீவரும் பிரேக் பெடலும்தான், அவற்றை அங்கேயே ஒரு கல்லை வைத்துத் தட்டி நிமிர்த்திவிடலாம். கிளட்ச், பிரேக் லீவர்களின் பிடிப்பு நட்டுகளை முழுதாக இறுக்காமல் சற்றே தளர விட்டுவையுங்கள். விழும்போது லீவர் உடையாமல் சுழன்றுவிடும். இந்த உண்மையை நான்கு லீவர்களை உடைத்தபின் கற்றுக்கொண்டேன். வண்டியோடு சேராத ஒரு செலவையும் சொல்லிவிடுகிறேன்: நகரத்து உதிரிக் கடை ஒன்றில் ‘ரேஸ் தரம்’ என்று சொல்லி விற்ற பிளாஸ்டிக் கைக்காப்பு முதல்முறை விழுந்தபோதே இரண்டாகப் பிளந்தது. உள்ளே அலுமினியப் பட்டை ஓடாத கைக்காப்பு காற்றைத்தான் தடுக்கும்.

டயர்களில் டியூப் இருப்பது ஒரே நேரத்தில் தொல்லையும் வசதியும். மண்ணில் பிடிப்புக்காகக் காற்றை 18 பி.எஸ்.ஐ. வரை குறைத்தால், கூர்கல்லில் இடிக்கும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் இடையே டியூப் நசுங்கிக் கிழியும். ஆனால் தோப்பு நடுவே பஞ்சரானாலும், டியூபை ஒட்டத் தெரிந்தவர் எந்த ஊரிலும் கிடைப்பார். நாங்கள் 21 அங்குல டியூப் ஒன்றை மட்டுமே எடுத்துச் செல்கிறோம். அவசரத்துக்கு அதை மடித்து 18 அங்குலப் பின்சக்கரத்திலும் திணித்து வீடுவரை வந்துவிடலாம். ஒருமுறை அப்படித் திணித்துக்கொண்டிருந்தபோது தோட்டத்துப் பெரியவர் ஒருவர் வெகுநேரம் நின்று பார்த்துவிட்டு, “ஏனுங் தம்பி, இத்தனை பாடுபட்டு எங்கீங்க போறீங்க?” என்று கேட்டார். எங்கும் போகவில்லை என்று சொன்னதும், இளநீர் வெட்டித் தந்தார். தோட்டத்துக்காரரிடம் கேட்டுவிட்டுச் செல்வதும், திறந்த படலை மூடிவிட்டுச் செல்வதும், காப்புக்காட்டின் எல்லைக்கல் தெரிந்த இடத்தில் திரும்பிவிடுவதும் எங்கள் நால்வருக்கும் எழுதாத சட்டம்.

மேடுகளில் குதித்து ஓட்டும் மண்பந்தயமான மோட்டோகிராஸின் தடத்தில் இதே வண்டி வேறு முகம் காட்டியது. பயிற்சிக்கென வாடகைக்கு விடும் மண்தடம் ஒன்றில் சென்ற ஆண்டு ஒருநாள் முழுவதும் எங்களுக்குள் பந்தயம் வைத்துக்கொண்டோம். உச்சி தட்டையான முதல் டேபிள்டாப் மேட்டில் அரை மீட்டர்தான் எழும்பினேன். இறங்கியபோது சஸ்பென்ஷன் அடிவரை அமுங்கி, அதிர்ச்சி குதிகாலிலிருந்து பற்கள்வரை ஏறியது. தவறு என்னுடையது. மோட்டோகிராஸுக்கென்றே பிறந்த 250 சிசி வண்டியின் எடை 110 கிலோவுக்குள் இருக்கும், சஸ்பென்ஷன் 300 மி.மீ. அளவுக்கு இறங்கும், விளக்கோ நம்பர் பிளேட்டோ அதற்குக் கிடையாது, விலை பல லட்சம். எக்ஸ்பல்ஸோ பெட்ரோல் நிரப்பிய நிலையில் 158 கிலோ. ஐந்தாவது சுற்றில் கை மரத்துப்போய், கிளட்சைப் பிடிக்க விரல் வரவில்லை.

அன்று எங்களைச் சுற்றுக்குச் சுற்று முந்தியவர் 4வியின் புரோ வகையை வைத்திருக்கும் நண்பர். அதில் முன்சஸ்பென்ஷன் 250, பின்சஸ்பென்ஷன் 220 மி.மீ.; தரை இடைவெளி 270 மி.மீ.; இரு சஸ்பென்ஷன்களையும் ஆளின் எடைக்கேற்பத் திருகி அமைத்துக்கொள்ளலாம். எங்கள் வண்டிகள் தொப்பென்று விழுந்த அதே மேட்டில் அது அமர்த்தலாக இறங்கியது. ஆனால் இருக்கை உயரம் 891 மி.மீ. இட்டேரியில் அவர் ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் ஒரு கல்லையோ வரப்பையோ தேடிக் கால் ஊன்றுவதைப் பார்த்தால் எனக்கு அந்த ஆசை அடங்கிவிடுகிறது.

ஆகவே ஐந்தரை அடிக்குக் குறைந்தவர்களும், வாரத்தில் ஆறு நாள் இதே வண்டியில் வேலைக்குப் போகிறவர்களும் சாதாரண வகையையே தேடலாம். தடத்தில் குதிப்பதே நோக்கம் என்றால் புரோ. அதிலும் மேடுகளைச் சிறிதாக வைத்துக்கொள்வது நல்லது. 2025இல் நீர்க்குளிர்விப்பும் ஆறு கியரும் 24.6 பி.எஸ். ஆற்றலும் கொண்ட எக்ஸ்பல்ஸ் 210 வந்திருக்கிறது. நெடுஞ்சாலையில் அது மேல் என்பதில் ஐயமில்லை, ஆனால் பத்துக் கிலோ கூடுதல். பள்ளத்துச் சேற்றில் புதைந்த வண்டியைத் தூக்கிய தோளுக்குப் பத்துக் கிலோ என்பது சிறிய எண்ணன்று. நான் இப்போதைக்கு மாற்றவில்லை; சென்ற மாதம் புதுச் செயினும் ஸ்ப்ராக்கெட்டும் மட்டும் போட்டிருக்கிறேன்.