மியன்மார் பூகம்பத்துக்கென்று வீடு வீடாகக் காசு கேட்டு வருகிறார்கள்: திருகோணமலை ஆட்கள் கவனம்

2025 மார்ச் 28ஆம் திகதி மியன்மாரில் பூகம்பம் வந்து ஒரு கிழமை இருக்கும். மத்தியானம் இரண்டு பேர் உப்புவெளியில் எங்கள் வீட்டுப் படலையைத் தட்டினார்கள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் பச்சை அட்டை போட்ட பற்றுச்சீட்டுப் புத்தகம், ஒரு துண்டுப்பிரசுரம். மியன்மாரின் மண்டலே நகரில் வீடிழந்தவர்களுக்குக் கூடாரம் அனுப்பப் போகிறார்களாம். அம்மா தயங்கினார். மூத்தவர் உடனே சொன்னார்: "சுனாமி நேரம் எங்கட சனத்துக்கு எத்தனை பேர் தந்தவை, அம்மா. இப்ப எங்கட முறை."

அம்மாவின் ஊர் சல்லி. 2004 டிசம்பர் 26இல் வீடு போய், பாடசாலைத் தரையில் படுத்தவர். முன்பின் தெரியாத ஆட்கள் லொறியில் கொண்டுவந்த சோற்றுப் பார்சலைப் பற்றி இன்றைக்கும் பேசுவார். அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. மருந்துக்கு எடுத்து வைத்திருந்த 5,000 ரூபாவைக் கொடுத்துவிட்டார்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். ஒரு கேள்வி கேட்கவில்லை. அதோடு விட்டேனா, துண்டுப்பிரசுரத்தைப் படமெடுத்துக் குடும்ப வட்ஸ்அப் குழுவிலும் போட்டேன். அதை நம்பி இன்னும் நான்கு வீடுகள் கொடுத்தன. மொத்தம் 23,000 ரூபா. அந்த நான்கு வீட்டுக்காரரிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

முதலில் சந்தேகப்பட்டது அக்காவின் மகள். துண்டுப்பிரசுரத்துப் படத்தில் இருந்தது மண்டலே இல்லை. வெள்ளைக் கோபுரம் ஒன்றின் அடிக்கட்டை, சுற்றிலும் செங்கல் குவியல். 2015 ஏப்ரல் 25 பூகம்பத்தில் காத்மண்டுவில் விழுந்த தரஹரா கோபுரம் அது. பத்து வருசத்துக்கு முந்திய நேபாளத்துத் துயரத்தைக் காட்டிக் காசு வாங்கியிருக்கிறார்கள். அப்புறம் எங்கள் சீட்டையும் லிங்கநகரில் பெரியம்மா வாங்கிய சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். இரண்டிலும் ஒரே இலக்கம், 0147. முகவரி இல்லை, பதிவு இலக்கம் இல்லை. வங்கிக் கணக்கு ஒரு தனி ஆளின் பெயரில். வந்தவர்களின் கைபேசி அன்று முதல் வேலை செய்யவில்லை. பொலிசில் முறைப்பாடு கொடுத்திருக்கிறோம்.

பெரியம்மாவிடம் பழைய சீலைகளும் வாங்கிப் போயிருக்கிறார்கள். கடல் தாண்டி, சுங்கம் தாண்டிப் பழைய துணியை யார் மண்டலேக்குக் கொண்டுபோகப் போகிறார்கள்? சுனாமி நேரம் எங்களுக்கே குளிர்கோட்டு வந்து குவிந்ததை மறந்துவிட்டோம்.

அங்கே தேவை உண்மையானது. 7.7 அளவான பூகம்பம், 3,000 பேருக்கு மேல் செத்திருக்கிறார்கள். நோன்பு மாதத்து வெள்ளிக்கிழமைத் தொழுகையில் நின்றவர்கள் மேல் பள்ளிவாசல்கள் இடிந்து விழுந்தன. அதனால் கொடுப்பதை நிறுத்தாதீர்கள். வாசலில் வைத்துக் கொடுக்காதீர்கள், அவ்வளவுதான். பதிவு இலக்கத்தைக் கேளுங்கள், அதைக் குறித்துக்கொள்ளுங்கள், "நாளைக்கு வாருங்கள்" என்று அனுப்புங்கள், கிராம சேவகரிடம் விசாரியுங்கள். உண்மையான ஆள் மறுநாளும் வருவார். செஞ்சிலுவைச் சங்கத்துக்குக் கிளை எங்கள் மாவட்டத்திலும் இருக்கிறது. அம்மா போன கிழமை என்னைக் கூட்டிக்கொண்டு அங்கே போய் 2,000 ரூபா கொடுத்தார்.

பாலையூற்றுப் பக்கமும் இதே இருவர் போனதாகக் கேள்வி. 0147 இலக்கச் சீட்டு யாரிடமாவது இருந்தால் எறிந்துவிடாதீர்கள், பொலிசில் கொண்டுபோய்க் கொடுங்கள்.