பின் ஆக்ஸிலில் ஏர் லாக்கர்: ஆறு ஆண்டு அனுபவம்

என் வண்டியின் பின் ஆக்ஸிலில் ஏர் லாக்கர் (இரு பின் சக்கரங்களும் ஒரே வேகத்தில் சுற்றும்படி காற்றழுத்தத்தால் பூட்டும் கருவி) பொருத்தி ஆறு ஆண்டுகள் ஆகிவிட்டன. அதற்குள் வண்டி 70,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்கிறது. லாக்கரைப் போட்டு ஓட்டிய தூரத்தை மட்டும் கூட்டினால் நூறு கிலோமீட்டர்கூடத் தேறாது. ஆனாலும் இந்த வண்டிக்குச் செய்த செலவுகளில் முழு மனநிறைவு தந்தது இதுதான்.

இதை வாங்க வைத்தது ஒரு பள்ளம். மழை அரித்துப்போட்ட தடத்தில் முன் இடது சக்கரமும் பின் வலது சக்கரமும் ஒரே நேரத்தில் குழிக்கு மேல் தொங்கிவிட்டன. நான்கு சக்கர இயக்கமும், மெதுவாக ஆனால் அதிக விசையோடு இழுக்கும் லோ ரேஞ்ச் கியரும் போட்டிருந்தும் வண்டி அசையவில்லை. நண்பரை ஆக்ஸிலரேட்டரை மெதுவாக அழுத்தச் சொல்லிவிட்டு, பின்னால் போய்க் குனிந்து பார்த்தேன். தொங்கிய சக்கரம் விர்ரென்று சுற்றுகிறது. மண்ணில் நன்றாக அழுந்தி நின்ற மற்றொரு சக்கரமோ ஒரு விரற்கடைகூட நகரவில்லை.

‘விசை முழுவதும் சுற்றுகிற சக்கரத்துக்குப் போய்விடுகிறது’ என்று பலர் சொல்வார்கள். அது சரியல்ல. ஆக்ஸிலின் நடுவிலிருந்து இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துத் தருவது டிஃபரன்ஷியல். சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு பக்கமும் முறுக்குவிசையை ஏறத்தாழச் சமமாகவே கொடுக்கிறது. காற்றில் தொங்கும் சக்கரத்தைச் சுற்ற மிகச் சிறிய விசை போதும். அதே சிறிய விசைதான் தரையில் நிற்கும் சக்கரத்துக்கும் கிடைக்கும். அதை வைத்து அது வண்டியைத் தள்ள முடியாது. இது புரிந்த பிறகு எதை வாங்குவது என்ற குழப்பம் பாதி தீர்ந்துவிட்டது.

டார்சன் போன்ற கியர் வகை எல்எஸ்டியைத்தான் (ஒரு சக்கரம் வழுக்கும்போது பிடிப்புள்ள மற்றதற்கு அதிக விசை தரும் டிஃபரன்ஷியல்) முதலில் எண்ணியிருந்தேன். சேறு, மணல் போன்ற இடங்களுக்கு அது நல்லது. சாலையில் இருப்பதே தெரியாது. ஆனால் ஒரு சக்கரம் முழுவதுமாகத் தரையை விட்டுவிட்டால் அதன் பலனும் போய்விடும். பிரேக்கை லேசாக அழுத்தி ஏமாற்றலாம் என்றாலும், என் தடங்களில் சக்கரம் தூக்குவது அன்றாடம் நடப்பது. டெட்ராய்ட் லாக்கர் போன்ற தானியங்கி வகை எப்போதும் பூட்டியே இருக்கும். திருப்பத்தில் வெளிச்சக்கரம் வேகமெடுக்கும்போது மட்டும் விட்டுக்கொடுக்கும். உறுதியில் அதற்கு ஈடு குறைவு. ஆனால் ஈரச் சாலையில் பின்பக்கம் வழுக்கி விலகும் பழக்கம் அதற்கு உண்டு, குடும்பத்தோடு பயணிக்கிற வண்டிக்கு அது வேண்டாம் என்று முடிவு செய்தேன். ஈட்டன் நிறுவனத்தின் இயந்திர லாக்கர் சில வண்டிகளில் தொழிற்சாலையிலிருந்தே வருகிறது. இரு சக்கரங்களின் வேக வித்தியாசம் நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்றைத் தாண்டினால் அது தானே பூட்டிக்கொள்ளும். சுமார் 30 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் பூட்டாது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் பூட்டுவதற்கு முன்னால் சக்கரம் சுற்றியாக வேண்டும். பாறை மேல் அந்த ஒரு நொடிச் சுழற்சியும் அதைத் தொடர்ந்து வரும் குலுக்கலும்தான் எனக்கு ஆகாதவை.

ஆக, நான் கேட்டால் மட்டும் பூட்டும் லாக்கர்தான் வேண்டும். மின்சார வகையில் காற்றுக்குழாய்த் தொல்லை இல்லை. கம்பி இழுத்தால் போதும். நான் காற்று வகையை எடுத்ததற்குக் காரணம் அதன் கம்ப்ரசர். மண் தடத்துக்கு டயரில் 18 பிஎஸ்ஐ வரை இறக்கி ஓட்டுகிறவனுக்கு, திரும்பும்போது காற்றடிக்க வண்டியிலேயே ஒரு கம்ப்ரசர் இருப்பது பெரிய வசதி.

முன் ஆக்ஸிலா, பின் ஆக்ஸிலா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: முதலில் பின் ஆக்ஸில். மேடேறும்போது எடை பின்னால் போகிறது, பிடிப்பும் அங்கேதான். முன் ஆக்ஸிலைப் பூட்டினால் ஸ்டீயரிங் கனக்கும். முழுதாகத் திருப்பிய நிலையில் அழுத்தம் கொடுத்தால் முன் சக்கரத்துக்கு விசையைக் கொண்டுபோகும் சிவி ஜாயிண்ட் என்ற இணைப்பு உடையலாம். ஆறு ஆண்டுகளில் முன்பக்கமும் ஒன்று வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆர்டர் கொடுப்பதற்கு முன் ஆக்ஸில் ஷாஃப்டை உருவி அதன் முனையிலுள்ள ஸ்பிளைன் பற்களை எண்ணிவிடுங்கள். மாடல் ஆண்டை மட்டும் நம்பக்கூடாது. கியர் விகிதத்தையும் உறுதி செய்ய வேண்டும். எடுத்துக்காட்டாக, டானா 44 என்ற ஆக்ஸிலில் 3.73 விகிதம் வரைக்கும் ஒரு கேரியர் (கிரவுன் வீல் என்ற பெரிய பல்சக்கரத்தைத் தாங்கும் கூடு), 3.92 முதல் வேறு கேரியர். தவறானதை வாங்கினால் கிரவுன் வீல், அதைச் சுற்றவைக்கும் சிறிய பல்சக்கரமான பினியனோடு சரியாகப் பொருந்தாது.

இனி பொருத்தும் வேலை. அதிகம் சொல்ல வேண்டியது இதைப் பற்றித்தான்.

முதலில் ஒரு பட்டறையில் ஒரே நாளில் பொருத்திக் கொடுத்துவிட்டார்கள். லாக்கர் பூட்டியது, விட்டது. ஆனால் 60, 70 கிலோமீட்டர் வேகத்தில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்னாலிருந்து ஊளையிடுவது போன்ற ஒலி. ‘போகப் போகச் சரியாகிவிடும்’ என்றார்கள். 2,000 கிலோமீட்டர் ஓட்டியும் சரியாகவில்லை.

அனுபவமுள்ள இன்னொரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். கவரைக் கழற்றி, டயல் கேஜின் முனையைக் கிரவுன் வீலின் ஒரு பல்லில் வைத்து, அந்த வீலை முன்னும் பின்னும் மெல்ல அசைத்தார். முள் 0.38 மி.மீ. காட்டியது. என் ஆக்ஸிலுக்கு இருக்க வேண்டிய பேக்லாஷ் (பற்களுக்கு இடையிலான ஆட்டம்) 0.15 முதல் 0.20 வரை. பற்களில் மஞ்சள் பேஸ்ட்டைத் தடவி, கிரவுன் வீலுக்கு ஒரு மரக்கட்டையை முட்டுக்கொடுத்துச் சுமை ஏற்றிச் சுற்றினார். பல்லின் நடுவில் விழ வேண்டிய தடம் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. ஒரு பக்கத்து ஷிம்மில் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) எடுத்த கனத்தை மறுபக்கத்தில் சேர்த்தார். மொத்தக் கனம் மாறாததால் பேரிங்கின் இறுக்கமும் மாறவில்லை. நான்காவது முறை கழற்றி மாட்டியதும் 0.18 வந்தது. எனக்கு அதுவே போதும் என்றிருந்தது. ‘கொஞ்சம் பொறுங்கள் தம்பி, ஒரே இடத்தில் அளந்தால் போதாது’ என்று சொல்லி, கிரவுன் வீலைச் சுற்றி நான்கு இடங்களில் அளந்த பிறகுதான் கவரை மூடினார். தவறான இடத்தில் ஏற்கெனவே தேய்ந்த பல் என்பதால் ஒலி முழுவதுமாகப் போகாது என்று முன்கூட்டியே சொன்னார். அப்படியே, குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மெல்லிய ஒலி இன்றும் கேட்கிறது. லாக்கர் எந்த நிறுவனத்துடையது என்று விசாரிக்கும் நேரத்தில் பாதியைப் பொருத்துகிறவர் கையில் டயல் கேஜ் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு ஒதுக்குங்கள்.

இரண்டாம் ஆண்டில் ஒரு சரிவில் சுவிட்சைப் போட்டேன், லாக்கர் பூட்டவில்லை. கம்ப்ரசர் மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தது. படுத்துப் பார்த்தபோது, நைலான் காற்றுக்குழாய் சைலன்சர் குழாயில் உரசி உருகியிருந்தது. இப்போது அது பிரேக் குழாயை ஒட்டிப் போகிறது. ஆக்ஸில் முழுதாகக் கீழே இறங்கினாலும் இழுபடாதபடி ஒரு வளையம் தளர்வாக விட்டிருக்கிறேன். அன்றிலிருந்து ஒரு மீட்டர் குழாயும் கூர்மையான பிளேடும் கருவிப் பையில் இருக்கின்றன. குழாயை நேராக வெட்டினால்தான் இணைப்பில் சரியாக உட்காரும். சாய்வாக வெட்டினால் கசியும். சந்தேகம் வந்தால் சோப்பு நீர் தடவிப் பாருங்கள், குமிழி காட்டிக்கொடுத்துவிடும்.

நான்காம் ஆண்டில், லாக்கரை விடும்போதெல்லாம் காற்றைத் திறந்து மூடும் மின் வால்வான சோலினாய்டு வால்விலிருந்து கியர் ஆயில் துளித்துளியாகத் தெறித்தது. உள்ளே கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் தேய்ந்திருந்தது. ஓ-ரிங்கின் விலை அற்பம். ஆனால் கேரியரை இறக்காமல் அதை மாற்ற முடியாது. திரும்ப ஏற்றும்போது பேக்லாஷ் அளவும் மறுபடி முதலிலிருந்து. ஆகவே லாக்கர் வாங்கும்போதே ஒரு சீல் தொகுப்பும் சேர்த்து வாங்கி வையுங்கள்.

ஓட்டும் முறையும் மாறிவிட்டது. முன்பெல்லாம் தடையை வேகத்தோடு மோதிக் கடப்பேன். இப்போது தடைக்கு முன்பே நின்று, சுவிட்சைப் போட்டு, அரை அடி உருண்டு, பூட்டியது தெரிந்த பிறகு நடை வேகத்தில் ஏறுகிறேன். சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும்போது மட்டும் போடவே கூடாது. உள்ளே பூட்டும் பற்கள் நொறுங்கலாம். ஒரு சக்கரம் மட்டும் பிடித்து நிற்கும்போது முழு விசையும் ஒரே ஆக்ஸில் ஷாஃப்ட் வழியாகப் போகிறது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அதனால்தான் பெரிய டயர்களின் ஆசையை விட்டுவிட்டேன். இதுவரை ஷாஃப்ட் உடையவில்லை.

ஒரே ஒரு முறை பயந்துபோனேன். ஈரக் களிமண்ணில் பக்கவாட்டுச் சரிவு. லாக்கர் போட்டபடியே குறுக்காகப் போனேன். பின் சக்கரங்கள் இரண்டும் சேர்ந்து சுழன்று, வண்டியின் பின்பகுதி பள்ளத்தை நோக்கி மெதுவாக வழுக்கியது. பூட்டாத டிஃபரன்ஷியலில் ஒரு சக்கரம் சுழன்றாலும் மற்றது நின்று பக்கவாட்டில் பிடித்துக்கொள்ளும். பூட்டியதில் அந்தப் பிடி இல்லை. காலை எடுத்து, லாக்கரை விட்டு, இறக்கத்தின் பக்கம் ஸ்டீயரிங்கைத் திருப்பி மீண்டேன். பக்கவாட்டுச் சரிவில் இப்போது சுவிட்சைத் தொடுவதே இல்லை.

புதிய வண்டிகளில் சுற்றும் சக்கரத்தை மட்டும் பிரேக் பிடிக்கும் டிராக்‌ஷன் கண்ட்ரோல் வருகிறது. நண்பரின் வண்டியில் ஓட்டிப் பார்த்தேன், நன்றாகவே வேலை செய்கிறது. எப்போதாவது மண் தடத்தில் இறங்குகிறவர்களுக்கு அதுவே போதும்.

சென்ற மாதம் பின் ஆக்ஸிலில் ஜிஎல்-5 தர கியர் ஆயில் மாற்றினோம். வடிகால் திருகின் காந்தத்தில் சாம்பல் நிறத்தில் மெல்லிய பசை மட்டும் படிந்திருந்தது. விரலால் தேய்த்துப் பார்த்தேன். உறுத்தும் துகள் ஒன்றுகூட இல்லை.